கைக்கணினி ஏன் சூடாகிறது?

கணக்கு இருப்பைப் பார்ப்பது, பணம் அனுப்புவது, வைப்புத்தொகை தொடங்குவது என வங்கிப் பணிகள் பலவற்றை நாம் இன்று டேப்லெட் எனப்படும் கைக்கணினியிலேயே முடித்துக்கொள்கிறோம். அக்கருவி சில வேளைகளில் கை பொறுக்காத அளவுக்குச் சூடாவதையும் காண்கிறோம். இச்சூட்டின் காரணத்தை அறிந்துகொள்வது கருவிக்கும் நல்லது. நம் பணத்துக்கும் நல்லது.

கணினியின் புராசசர் செலவிடும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. மேசைக் கணினியில் அவ்வெப்பத்தை விசிறி வெளியேற்றும். கைக்கணினியிலோ பெரும்பாலும் விசிறி இல்லை. அதன் உடற்பகுதியே வெப்பத்தைக் காற்றுக்குக் கடத்துகிறது. எனவே பின்புறம் வெதுவெதுப்பாக இருப்பது கோளாறு அன்று. மெத்தையின் மீதோ தடித்த உறைக்குள்ளோ வைத்துப் பயன்படுத்தும்போது அவ்வழி அடைபட்டு வெப்பம் உள்ளேயே தங்குகிறது.

2012-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஐபேடை இதற்குச் சான்றாகக் கூறலாம். அதன் திரைப் புள்ளிகள் முந்தையதைவிட 4 மடங்காயின. பேட்டரியும் 25 வாட்-மணியிலிருந்து 42.5 வாட்-மணியாக உயர்ந்தது. அமெரிக்க நுகர்வோர் இதழான 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' அதில் விளையாட்டு ஒன்றை இயக்கி அளந்தபோது, வெப்பம் ஏறத்தாழ 47 டிகிரி செல்சியஸை எட்டியது. திரையின் வேலை பெருகினால் சூடும் பெருகும் என்பதே இதன் பாடம்.

சார்ஜ் ஏறும்போதே பயன்படுத்துவது, திரையை முழு ஒளியில் வைப்பது, சிக்னல் குறைந்த இடத்தில் இணையத்தைப் பயன்படுத்துவது ஆகியவையும் வெப்பத்தைக் கூட்டும். ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்துமாறு ஆப்பிள் நிறுவனம் அறிவுறுத்துகிறது. தில்லியிலும் நாகபுரியிலும் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் வெப்பம் இன்னும் அதிகம்.

வெப்பம் எல்லை மீறினால் கருவி வேகத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், இறுதியில் தானே அணைந்துவிடும். பணம் அனுப்பும் நடுவில் இவ்வாறு நேர்ந்தால் உடனே மறுமுறை அனுப்புதல் கூடாது. முதலில் கணக்கு விவரத்தைப் பார்த்து, பற்று வைக்கப்பட்டுள்ளதா என அறிய வேண்டும். யு.பி.ஐ. வழிப் பணமாற்றத்தில் பற்று வைக்கப்பட்டும் பெறுநர் கணக்கில் வரவாகாவிடில், மறுநாளுக்குள் தொகை தானாகவே திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை தரும் உரிமை.

சூடான கருவியை உறை நீக்கி, சார்ஜரைக் கழற்றி, நிழலில் வைத்தாலே போதும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் உள்ளே நீர்த்துளி படிந்து பழுதாகும்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் அலட்சியம் செய்யலாகாது. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாமலும் சார்ஜ் செய்யாமலும் அணைத்துப் பழுதுபார்ப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். பயன்படுத்தாதபோதும் கருவி ஓயாமல் சூடானால், எந்தச் செயலி பேட்டரியைச் செலவழிக்கிறது என்பதை அமைப்புகளில் பார்க்க வேண்டும். நாம் நிறுவாத செயலியோ, பிறர் சொற்கேட்டு நிறுவிய திரைப்பகிர்வுச் செயலியோ அங்கிருந்தால் உடனே நீக்கி, வேறொரு பாதுகாப்பான கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுவோம். பணம் பறிபோயிருப்பின் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணையும் நம் வங்கிக் கிளையையும் அழைப்போம்.