மலை ஓட்டமா? இறக்கத்துக்குப் பழகுங்கள்

சின்னமனூர் பக்கத்து மார்க்கையன்கோட்டையின் சமதள வயல் வரப்பில் எவ்வளவு ஓடினாலும் தொடை மலைக்குப் பழகாது. நீண்ட தூர மலை ஓட்டத்தில் ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும். ஆளைக் கவிழ்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. மறுநாள் வீட்டுப் படி இறங்கினாலே தெரியும். வாரம் ஒரு நாளாவது சரிவில் குட்டி எட்டு வைத்து, குதிகாலை முன்னே நீட்டி ஊன்றாமல் இறங்கிப் பழகுங்கள். கால் நகத்தைப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஷூ முனையில் இடித்துக் கறுத்துப்போகும்.

ஏற்றத்தில் நடக்க வெட்கம் வேண்டாம். ஆல்ப்ஸ் மலையில் சுமார் 170 கி.மீ. நீளும் யுடிஎம்பி போட்டியில் முன்னணி வீரர்களே செங்குத்தில் நடக்கிறார்கள்.

வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து குமட்டும், தலை குழம்பும். ஓஆர்எஸ் பொட்டலம், கடலைமிட்டாய், வாழைப்பழம் போதும். விலை கூடிய எனர்ஜி ஜெல்லெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழக, சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறைச் சோதனைச்சாவடியில் கேட்காமல் காலை வைக்காதீர்கள். கோடையில் காட்டுப்பாதைப் பக்கமே வேண்டாம்: 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது.