ஃபோர்மட் செய்யவா என்று கேட்டால்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் டிக்கோயா கடைத்தெருவில் என் மேசைக்கு வந்தவர்களின் பேச்சு ஒரே பேச்சுதான்: “அண்ணே, விண்டோஸ் 11 போட்டோம். ஹார்ட் டிஸ்க்ல இருந்ததெல்லாம் போயிருச்சு.” அவர்கள் சொல்வது கணினிக்குள் இருக்கும் வட்டை அல்ல, யூஎஸ்பி வயரில் தொங்கும் கறுப்புப் பெட்டியை. கல்யாண வீடியோ, சடங்கு வீட்டு அல்பம், தோட்டக் கோயில் தேர், வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மா அனுப்பிய குரல்பதிவு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். வேறெங்கும் இருக்காது.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது, போனது தெரிந்த பிறகு என்னென்ன செய்தீர்கள் என்பதைத்தான். அப்கிரேட் அழித்ததைவிட, அதற்குப் பிறகு பதற்றத்தில் கை அழித்ததையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நிறையப் பேருக்கு ஒன்றுமே போயிருக்காது. மஸ்கெலியாப் பக்கத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் எல்லாக் கிளிப்பும் ‘மீடியா ஓஃப்லைன்’. பார்த்தால், ஈ என்று இருந்த டிரைவ் எஃப் ஆகியிருந்தது, அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் பழைய எழுத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அத்தனையும் வந்துவிட்டன. 2019 மே மாதத்து விண்டோஸ் 10 பதிப்பில் இந்தக் கோளாறை மைக்ரோசொஃப்டே ஒப்புக்கொண்டது. யூஎஸ்பி டிரைவோ எஸ்டி கார்டோ செருகியிருந்த கணினிகளில் அந்தப் பதிப்பு ஏறாமல் தடுத்துவைத்தார்கள். டிரைவ் எழுத்துகள் தாறுமாறாக மாறிவிடும் என்பதுதான் காரணம். கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள் என்றார்கள். இன்றைக்கும் நான் சொல்வது அதையேதான்: அப்கிரேட் தொடங்குமுன் வெளியே தொங்குவதையெல்லாம் முறைப்படி ‘இஜெக்ட்’ கொடுத்துக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். எல்லாம் முடிந்து ஓரிரு தடவை கணினியை நிறுத்தித் திறந்த பிறகு மாட்டுங்கள்.

நம் ஊருக்கென்றே இன்னொரு பொய்ச் சாவும் இருக்கிறது. பாடசாலை வினாத்தாள், கோயில் அழைப்பிதழ், சங்கக் கடிதம் என்று பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. புதிதாக விண்டோஸ் போட்டால் பாமினி அதில் இருக்காது. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை தெரியும். ஓர் ஆசிரியை, வைரஸ் தின்றுவிட்டது என்று முடிவுகட்டி, பத்துப் பதினைந்து வருடத்து வினாத்தாள்களை அழிக்கப் போகும் நேரத்தில் வந்தார். “டீச்சர், ஒரு நிமிசம்” என்று எழுத்துருவைப் போட்டுக் காட்டினேன். அழுகையும் சிரிப்புமாக நின்றார். பாமினிக் கோப்புகளை மெல்ல மெல்ல யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. அதுவரை எழுத்துருக் கோப்பையும் அந்தக் கோப்புறையிலேயே ஒரு கொப்பி போட்டு வையுங்கள்.

உண்மையான ஆபத்து திரையில் ஒரு சின்னப் பெட்டியில் வருகிறது. வட்டைச் செருகியதும், இதைப் பாவிக்க வேண்டுமானால் முதலில் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். வட்டில் எங்கே எது இருக்கிறது என்ற அட்டவணையை அதனால் வாசிக்க முடியவில்லை என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். உள்ளே இருப்பவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘கான்சல்’ அழுத்திவிட்டு வயரையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள், வேறொரு கணினியில் மாட்டிப் பாருங்கள். ‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஃபோர்மட்டிலும் இரண்டு வகை உண்டு. ‘குயிக் ஃபோர்மட்’ அட்டவணையைத்தான் புதிதாக எழுதும், அதற்குப் பிறகும் மீட்க வழியிருக்கிறது. அந்தக் குறியை எடுத்துவிட்டு முழு ஃபோர்மட் கொடுத்தால், விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் வட்டு முழுவதையும் சுழியத்தால் நிரப்புகிறது. அதன் பிறகு கொழும்பென்ன, சிங்கப்பூரென்ன, எங்கே கொண்டுபோனாலும் வராது.

நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்த தம்பியின் வட்டு குயிக் ஃபோர்மட்டில் அகப்பட்டது. அவன் அப்பா காமன் கூத்து வாத்தியார். மாசி மாதங்களில் விடிய விடிய நடந்த கூத்தை வருடா வருடம் முதலில் போனிலும் பிறகு கமெராவிலும் எடுத்து அந்த ஒரே வட்டில் சேர்த்து வைத்திருந்தான். நண்பன் ஒருவன் விண்டோஸ் போட்டுக் கொடுத்தபோது வட்டு செருகியபடியே இருந்திருக்கிறது. முடிந்ததும் அந்தப் பெட்டி கேட்டது, நண்பன் ‘யெஸ்’ கொடுத்தான். நல்லவேளையாக அதற்குப் பிறகு இருவருமே எதையும் அதில் எழுதவில்லை. பயந்துபோய்க் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பயம்தான் கூத்தைக் காப்பாற்றியது.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். பெயர் ஃபோட்டோ என்றாலும் வீடியோவையும் தேடும். அட்டவணையை நம்பாமல், வட்டைத் துண்டு துண்டாகப் படித்து, இது வீடியோவின் தலைப்பகுதி, இது படத்தின் தலைப்பகுதி என்று அடையாளம் கண்டு எடுக்கும். மீட்டதை வேறு வட்டில்தான் கொட்ட வேண்டும். அதே வட்டில் கொட்டினால் மீட்க வேண்டியதன் மேலேயே எழுதிவிடுவோம். ராத்திரி முழுக்க ஓடியது, நல்ல காலம் கரண்டும் போகவில்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த சில நீள வீடியோக்கள் வரவே இல்லை. வந்தவற்றுக்கும் பெயர் இல்லை, திகதி இல்லை, கோப்புறை இல்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள எண்ணும் மட்டும்.

மறுநாள் வாத்தியாரே கடைக்கு வந்துவிட்டார். ஒவ்வொன்றாக ஓட்டினோம். “இது கம்பம் ஊன்டுன ராத்திரி. இது மதன் எரிஞ்ச அன்னைக்கு” என்று பாட்டைக் கேட்டே வரிசை சொன்னார். வருடத்தைக் கண்டுபிடித்ததுதான் எனக்கு வியப்பு. திரையில் தப்படிப்பவரைப் பார்ப்பார். “இவரு இருக்காரு, அப்ப அவரு சாகறதுக்கு முந்தின மாசி. ரதிக்கு வேசம் கட்டுனவன் அடுத்த வருசம் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டான்.” மகன் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தான். எந்த மென்பொருளாலும் முடியாத வேலை அது. இப்போது அவர்கள் வீடியோவின் பெயரிலேயே வருடம், தோட்டம், எந்த இரவு என்று எழுதுகிறார்கள். கோப்புறைப் பெயரை மட்டும் நம்பினால் மீட்பில் அது முதலில் போய்விடும். பெயரும் போகலாம் என்பதால் பட்டியல் ஒன்றைக் காகிதத்திலும் வைத்திருக்கிறார்கள்.

அப்கிரேட் தானே அழித்த கதையும் உண்டு. 2013 ஒக்டோபரில் ஆப்பிளின் மேவரிக்ஸ் இயங்குதளம் வந்தபோது, வெஸ்டர்ன் டிஜிட்டல் வெளிவட்டு வைத்திருந்த பலருக்கு வட்டு வெறுமையாகிவிட்டது. நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வட்டோடு தான் தந்த டிரைவ் மேனேஜர், ரெய்ட் மேனேஜர், ஸ்மார்ட்வேர் ஆகியவற்றை முதலில் நீக்குங்கள், இல்லாவிட்டால் அப்கிரேட்டைத் தள்ளிப்போடுங்கள் என்றது. வட்டு வாங்கும்போது இலவசமாக வரும் மென்பொருளை நான் யாருக்கும் போட்டுக் கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 2018 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு கணினிக்குள்ளேயே கைவைத்தது. டொக்கியுமென்ட்ஸ் கோப்புறையை வேறு டிரைவுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்களின் அந்தப் பழைய கோப்புறையை உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமலே நீக்கிவிட்டது. சில நாளில் விநியோகத்தை நிறுத்தி, நவம்பர் நடுப்பகுதியில்தான் மறுபடி விட்டார்கள். அதனால்தான் புதுப் பதிப்பு வந்த கையோடு போடச் சொல்லி வருகிறவர்களை ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறேன். “அண்ணனுக்குப் புதுசுன்னா பயம்” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

விண்டோஸ் 11இல் கவனிக்க வேண்டியது மறையாக்கப் பூட்டு. 2024இல் வந்த 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தால், உள்வட்டு பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். கடைக்காரர் தன் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தால் சாவி அவரிடம். உங்கள் கணக்கைத்தான் பாவிக்கச் சொல்லுங்கள், சாவியை அச்சடித்து வாங்குங்கள்.

கொப்பி விசயத்துக்கு வருவோம். ஒரே வட்டில் மட்டும் இருப்பதை பெக்கப் என்று சொல்லாதீர்கள். மூன்று கொப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளி இடத்தில் என்ற கணக்கைப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பினார். அரசாங்கமே இதில் வழுக்கியிருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினியில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயே போயின. அந்தக் காலத்துக்குக் கொப்பி இருக்கவில்லை. நமக்கு மேகத்தில் எல்லாவற்றையும் ஏற்ற டேட்டாவும் கட்டாது, மலைக்கு நடுவே சிக்னலும் கட்டாது. கல்யாணப் படத்தில் நல்லதாக ஐம்பதையும், பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றின் ஸ்கேனையும் மட்டும் மேகத்தில் ஏற்றுங்கள். மற்றதையெல்லாம் இரண்டாவது வட்டில் போட்டு வேறு தோட்டத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். அடுத்த லயத்துக் காம்பராவில் வைத்தால் போதாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கியபோது லயத்தோடு லயமாகப் போனது. ஸ்கேன் பண்ணியாச்சு என்று மூலப் பத்திரத்தை ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து எறிபவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கூத்துப் பதிவு போன்றவற்றுக்கு நூலக நிறுவனத்தின் ஆவணகம் இருக்கிறது. வாத்தியாரின் மகனுக்கு அதையும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வட்டு டக் டக் என்று சத்தம் போட்டால் எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள், உடனே கழற்றுங்கள். அது என் மேசைக்கான வேலையும் அல்ல. பெட்டியை உடைத்து உள்வட்டை வேறு கணினியில் மாட்டலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். சில வகைகளில் யூஎஸ்பி பலகையே எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து எழுதுகிறது, பலகை இல்லாமல் வட்டு ஊமை. எஸ்எஸ்டியாக இருந்தால் இன்னும் அவசரம், அழித்த இடத்தை அது தானே துடைத்துவிடக்கூடும். கொழும்பில் மீட்பவர்களிடம் அனுப்புமுன் மூன்றைக் கேளுங்கள்: பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, எதுவும் வராவிட்டால் காசு உண்டா, மீட்ட கோப்புப் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணமா. பஸ் கண்டக்டரிடம் பார்சலாகக் கொடுத்துவிடாமல், போகிற ஆள் மடியிலேயே வைத்துக் கொண்டுபோகட்டும். கினிகத்தேனை வளைவுகளில் மேல்தட்டிலிருந்து பைகள் விழுவதை நீங்களும்தானே பார்க்கிறீர்கள்.