ராட்டினமும் உத்தரமும்: தூர் எடுப்போர் அறிய வேண்டிய கணக்கு

பெரம்பலூர்ப் பகுதியில் கடும்பாறையை உடைத்து இறக்கிய அகன்ற கிணறுகள் ஏராளம். அரியலூர்ப் பக்கத்திலோ சுண்ணாம்புக்கல் மிகுதி. கவலை ஏற்றம் மறைந்து மின்சாரப் பம்பு வந்த பின்னரும், கோடையில் தூர் எடுப்பதற்குப் பல ஊர்களில் ராட்டினமும் வடமுமே துணை. அவ்வேளையில் உத்தரம் முறியுமாயின் அடியில் நிற்பவன் ஒதுங்க இடமிராது. ‘கூடை நாற்பது கிலோதானே, கட்டை அவ்வளவைத் தாங்கினால் போதாதா?’ என்று அங்கத்தினர் வினவக்கூடும். போதாது. ஏன் என்பதைக் காண்போம்.

அசையாது நிற்கும் பொருளின்மேல் செல்லும் விசைகள் யாவும் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்கின்றன. இதுவே சமநிலை. கணக்கிடும் வழி எளிது. ஒரு சமயத்தில் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மறந்து, தாளிலேனும் மணலிலேனும் அதனைத் தனியே வரைக. அதன் எடைக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு. அதனைப் பற்றியிருக்கும் கயிறு, கொக்கி ஒவ்வொன்றிற்கும் ஓர் அம்பு. இது தனிப்பொருட் படம் எனப்படும்.

முதலில் கூடையை வரைவோம். சேற்றுடன் அதன் எடை 40 கிலோ. மேலே இழுப்பது வடம் ஒன்றே. ஆகவே வடத்தின் இழுவிசையும் 40. ராட்டினம் தடையின்றிச் சுழலுமாயின், வடத்தின் மறுபுறத்திலும் அதே 40 இருக்கும். கரையில் நிற்போர் பிடிக்க வேண்டியது அவ்வளவே. இனி ராட்டினத்தைத் தனியே வரைக. கூடைப் பக்கம் 40 கீழே இழுக்கிறது. கையால் நேர் கீழாக இழுக்கும் பக்கமும் 40 கீழே இழுக்கிறது. இவ்விரண்டையும் தாங்குவது கொக்கி. ஆதலின் உத்தரத்தின்மேல் வருவது 80 கிலோ! ராட்டினத்தின் சொந்த எடை இதற்கு மேல்.

வடத்தைக் கிடையாக இழுத்தால் பாரம் ஏறக்குறைய 57 கிலோவாகக் குறையும். ஆனால் அது சாய்வாக வருகிறது. 40 கிலோ பக்கவாட்டில் இழுப்பதால், நன்கு ஊன்றாத கால்கள் இழுப்போர் பக்கம் சாயும். முற்காலத்துக் கவலையில் மாடுகள் சரிவில் இறங்கியபடியால், மேலுருளை தாங்கிய பாரம் சாலின் எடையைப்போல் சுமார் 1.4 மடங்குக்கும் 2 மடங்குக்கும் இடைப்பட்டதாயிருந்தது.

கூடையோடு ஏறி இறங்கும் இரண்டாவது ராட்டினம் ஒன்றைச் சேர்த்தால் நிலைமை மாறும். வடத்தின் ஒரு நுனியை உத்தரத்தில் கட்டி, அந்த ராட்டினத்தின் அடியால் வளைத்து, மேல் ராட்டினத்தின்மீது கொண்டுவருக. இப்பொழுது கூடையை இரு இழைகள் தாங்குகின்றன. இழை ஒன்றுக்கு 20. கையால் பிடிப்பதும் 20. உத்தரத்தைக் கீழே இழுப்பவை மூன்று இழைகள், ஆகவே 60. கையின் சுமை பாதியாகிறது, உத்தரத்தின் சுமையும் குறைகிறது. ஆனால் கூடை ஒரு முழம் ஏற வடத்தை இரு முழம் இழுத்தாக வேண்டும். நாள்கூலி கொடுப்போர் இதனையும் எண்ணுக.

மேற்கண்டவை அசையாது தொங்கும் பாரத்திற்கான கணக்குகள். துருப்பிடித்த அச்சில் இழுக்கும்போதும், கூடையைச் சட்டென்று வெட்டி இழுக்கும்போதும் விசை இதற்கு மேற்படும். ஆகையால் 80 கிலோவுக்கு மட்டாகக் கட்டை தேடாமல், அதனைப்போல் பன்மடங்கு தாங்கக்கூடியதையே ஊன்றுக. தூர் எடுக்கும் பருவத்தில் வாடகைக்கு விடச் சங்கம் வடமும் ராட்டினமும் வாங்குமாயின், ஒற்றையாக அன்றி இணையாக வாங்குவதே மேல்.