தொலைவும் காலமும்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் இடையேயுள்ள தொலைவு மாறுவதில்லை. அதனைக் கடக்கும் காலமோ ஊர்தியாலும் காற்றாலும் வழியாலும் மாறிக்கொண்டே இருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் வாழ்வோர் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிவர்.

முத்துக்குளிப்பு நடைபெற்ற நாட்களில், நள்ளிரவுக்குப் பின் வீசும் நிலக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் முத்துப்பார்களை நோக்கிச் செல்லும். நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்றின் துணையால் அவை கரை திரும்பும். காற்று அடங்கிவிட்டால், கண்ணுக்குத் தெரியும் கரையும் நெடுந்தொலைவாகிவிடும்.

நீராவிக் கப்பல் வந்தபின் இந்நிலை மாறியது. மாலையில் தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர் மறுநாள் காலையில் கொழும்பில் இறங்கினர். ஆயினும், அவ்வழி ஆங்கிலேயரின் கப்பல் கம்பெனியிடமே இருந்தது. அதனை மாற்றவே வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். கடல் வழி மக்களுக்கு உரியதாதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

இன்று விமானம் காலத்தை மேலும் சுருக்கியுள்ளது. தூத்துக்குடியை அடுத்த வாகைக்குளத்தில் விமான நிலையம் 1992-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியில் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இருப்புப்பாதையோ ஊர்களைத் தொட்டு வளைந்து செல்வதால் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் நீள்கிறது. இரயிலில் ஓர் இரவு செல்லும் பயணம் விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது.

மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் விமானம் இத்தொலைவைச் சற்றேறக்குறைய ஒரு மணியில் கடக்க வேண்டுமன்றோ? எஞ்சிய நேரம் எங்கே போயிற்று? ஓடுபாதையை அடைதற்கும், மேலெழுந்து முழு வேகம் பெறுதற்கும், வேகத்தைக் குறைத்து இறங்குதற்கும் நேரம் செலவாகிறது. காற்றும் தன் பங்கைக் கேட்கிறது. சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். வானின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலிய காற்று வீசுவதால், இலண்டனுக்குச் செல்லும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் பெரும்பாலும் குறைவாகும். பாய் விரித்த படகோட்டியைப் போலவே விமானியும் காற்றை எண்ணியே பயணத்தை வகுக்கிறார். அவர் தொலைவை அளக்கும் கடல்மைலும் மாலுமிகளிடம் பெற்றதே. ஒரு கடல்மைல் 1,852 மீட்டர் ஆகும்.

இனி ஒரு கணக்கைப் பாருங்கள். வாகைக்குளத்திற்கும் கொழும்பு நகரின் கட்டுநாயக்க விமான நிலையத்திற்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சென்னைத் தொலைவில் பாதியளவே. ஆனால், நேர் விமானம் இல்லாமையால், தூத்துக்குடியிலிருந்து விமானத்திலேயே செல்ல விரும்புவோர் சென்னை வழியைத் தேர்ந்தால், வடக்கே அந்நகருக்குச் சென்று, மீண்டும் தெற்கே ஏறத்தாழ 650 கிலோமீட்டர் பறத்தல் வேண்டும். இவ்விரண்டையும் கூட்டினால் 1,180 கிலோமீட்டர் ஆகும். நேர்வழியைப் போல் இது நான்கு மடங்குக்கும் மிகுதி! சென்னையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், முன்னோர் ஓர் இரவில் கப்பலில் கடந்த வழிக்கு நாமும் ஏறக்குறைய ஒரு பகலைச் செலவிட நேரலாம். 2011-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பலும் சில மாதங்களிலேயே நின்றுவிட்டது.

ஊர்தியின் வேகம் மட்டும் தொலைவைச் சுருக்காது என்பதை இதனால் அறியலாம். அண்டை ஊரை அண்மையாக்க நேரான வழியும் வேண்டும். அவ்வழியைத் திறந்து, இடையறாது நடத்தும் மக்களின் முயற்சியும் வேண்டும்.