உளவியலும் சமூக நீதியும்: காரணத்தை எங்கே தேடுவது?

கிராமப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாடங்களில் பின்தங்குகிறான் எனக் கொள்வோம். அதற்குக் காரணம் அவனது பிறவி அறிவிலா, அவன் வீட்டு வறுமையிலா, வகுப்பறையில் அவன் நடத்தப்படும் முறையிலா? இவ்வினாவிற்குத் தரப்படும் விடை ஆய்வேடுகளோடு நின்றுவிடுவதில்லை. பிறவிக் குறை என்று முடிவு செய்தால், அவனைத் தனியே ஒதுக்குவதே நிர்வாகத்தின் பணியாகிவிடுகிறது. சூழலின் குறை என்று கண்டால், சூழலை மாற்றும் கடமை சமுதாயத்தின் மீது விழுகிறது. மனித நடத்தையின் காரணத்தைத் தனி மனிதனுள் மட்டும் தேடிவந்த உளவியல், சமுதாய அமைப்பிலும் அதனைத் தேடத் தொடங்கியதே சமூக நீதிக் கருத்துகள் அத்துறையில் விளைவித்த முதன்மையான மாற்றம் எனலாம்.

அளவுகோலும் அதன் தவறான பயனும்

நுண்ணறிவுச் சோதனையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். பிரெஞ்சு அரசு அமைத்த குழுவின் பணியையொட்டி, ஆல்பிரட் பினே 1905இல் தமது சோதனையை வகுத்தார். கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அவரது நோக்கம். அறிவு என்பது கூட்டவோ குறைக்கவோ இயலாத பிறவி அளவு என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால், இச்சோதனை அமெரிக்காவை அடைந்ததும் நோக்கம் மாறிற்று. முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 17 இலட்சம் படைவீரர்கள் சோதிக்கப்பட்டனர். அம்மதிப்பெண்களைக் கொண்டு, தெற்கு, கிழக்கு ஐரோப்பியரும் கறுப்பினத்தவரும் இயல்பிலேயே அறிவு குறைந்தவர் என்று கார்ல் பிரிகாம் 1923இல் நூல் எழுதினார். ஆங்கில மொழியறிவும் பள்ளி வாய்ப்பும் மதிப்பெண்ணை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்பதை அவர் போதிய அளவு கருதவில்லை. 1930இல் அவரே தம் முடிவு அடிப்படையற்றது என ஒப்புக்கொண்டார். ஆயினும் அதற்குள் 1924ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்தியாவிலும் இச்சோதனைகள் விரைவிலேயே அறிமுகமாயின. 1920களில் சி. எச். ரைஸ் பினேயின் முறையை இந்துஸ்தானி மொழிக்கு ஏற்பத் தழுவி அமைத்தார். இந்திய மொழிகள் பலவற்றிலும் பின்னர் இத்தகைய சோதனைகள் உருவாயின. சொற்களை மொழிபெயர்ப்பது எளிது. ஆனால், புத்தகத்தையே காணாத வீட்டில் வளர்ந்த குழந்தையையும், கற்றோர் வீட்டில் வளர்ந்த குழந்தையையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமா என்ற வினா பின்னரே கூர்மையாக எழுப்பப்பட்டது.

பொம்மைகளும் நீதிமன்றமும்

சமத்துவத்திற்கான போராட்டங்கள் இவ்வினாவைக் கூர்மைப்படுத்தின. கறுப்பின உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியினர் நிறத்தால் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் குழந்தைகளிடம் காட்டி ஆய்வு நடத்தினர். மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள 253 கறுப்பினக் குழந்தைகளைக் கொண்ட அவ்வாய்வு 1947இல் வெளியாயிற்று. குழந்தைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையுடன் விளையாடவே விரும்பினர். மாநிறப் பொம்மையைக் கெட்டது என்றும் பலர் சுட்டினர். பின்னர், உன்னைப்போல் இருப்பது எது என்று கேட்டபோது, தாம் கெட்டது என்று ஒதுக்கிய பொம்மையையே அவர்கள் சுட்ட வேண்டியதாயிற்று. சிலர் அழுதனர், சிலர் விடை கூற மறுத்தனர்.

பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17ஆம் நாள் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கையைத் தன் அடிக்குறிப்பில் சுட்டிற்று. சம வசதி அளிப்பதாகக் கூறினும், பிரித்து வைத்தலே குழந்தையின் உள்ளத்தில் தாழ்வுணர்வை விதைக்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனையின் அடிப்படையில் கறுப்பினக் குழந்தைகள் அளவுக்கு மீறி மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டதை எதிர்த்த வழக்கில், 1979இல் கூட்டாட்சி நீதிமன்றம் அம்முறைக்குத் தடை விதித்தது. இவ்வாறு, குழந்தையைச் சோதித்த கருவியே சோதனைக்குள்ளாயிற்று.

இந்தியச் சூழல்: வறுமையும் ஊக்கமும்

சாதி சமூக, பொருளாதார ஏற்பாடு மட்டுமன்று. மனித உள்ளத்தில் ஊன்றிய மனநிலையும் ஆகும் என்பதை டாக்டர் அம்பேத்கர் 1936இலேயே வலியுறுத்தினார். ஆனால் கல்வித் துறையாக வளர்ந்த இந்திய உளவியல், நீண்டகாலம் மேலைநாட்டு வினாக்களையே பெரிதும் பின்பற்றிற்று. விடுதலைக்குப் பின் வளர்ச்சித் திட்டங்கள் தொடங்கியபோது, சிலர் ஏன் முன்னேறுகின்றனர், சிலர் ஏன் பின்தங்குகின்றனர் என்ற வினா அதன் முன் நின்றது.

ஒரு விடையை டேவிட் மெக்லெலண்ட் அளித்தார். சாதிக்க வேண்டும் என்ற ஊக்கமே பொருளாதார வளர்ச்சியின் திறவுகோல் என்பது அவரது கருத்து. 1964இல் ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த சிறு தொழில் முனைவோருக்கு ஐதராபாத்தில் ஊக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் தொழிலில் கூடுதல் முனைப்புக் காட்டினர் என 1969இல் வெளியான நூல் கூறிற்று. தொழில் முனைவோர் பயிற்சித் திட்டங்களுக்கு இம்முயற்சி வழிகாட்டியாக அமைந்தது.

எனினும், நிலமோ கடன் வசதியோ இல்லாத உழவுத் தொழிலாளியிடம் ஊக்கம் குறைவு என்று கூறுவது எவ்வளவு பொருத்தம்? பாதிக்கப்பட்டவர் மீதே பழி சுமத்தும் போக்கினை அமெரிக்காவில் வில்லியம் ரயன் 1971இல் சாடினார். இந்தியாவில் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் துர்கானந்த் சின்ஹா கிராம மக்களின் விருப்பங்களையும் அச்சங்களையும் அவர்கள் வாழ்நிலையோடு இணைத்து ஆராய்ந்தார். வாய்ப்புகள் குறுகும் இடத்தில் நாட்டங்களும் குறுகுகின்றன என்ற பார்வைக்கு இத்தகைய ஆய்வுகள் வழிவகுத்தன. கிரீஷ்வர் மிஸ்ரா, எல். பி. திரிபாதி ஆகியோர் வீடு, உணவு, உடை, பொருள்நிலை, கல்வி அனுபவம் முதலியவற்றில் நீடித்து நிலவும் இல்லாமையை அளக்கும் அளவுகோல் ஒன்றை உருவாக்கினர். குழந்தையை மட்டும் அளந்து வந்த துறை, அக்குழந்தைக்குக் கிட்டாதவற்றையும் அளக்கத் தொடங்கியது குறிப்பிடத்தக்கது.

புதிர்ப் பாதை ஆய்வு

உலக வங்கியைச் சார்ந்த கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் உத்தரப் பிரதேசக் கிராமப்புறத்தில் நடத்தி, 2004இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெரிதும் கவனிக்கத்தக்கது. உயர்சாதியினர் எனப்படுவோரில் 321 சிறுவர்களும், தாழ்த்தப்பட்ட சாதியினரில் 321 சிறுவர்களும் இதில் பங்கேற்றனர். தாளில் அச்சிட்ட புதிர்ப் பாதைகளுக்கு வழி கண்டுபிடிப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. தீர்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் பரிசுப் பணம் உண்டு.

சாதி வெளிப்படுத்தப்படாதபோது இரு பிரிவினரின் திறனிலும் வேறுபாடு காணப்படவில்லை. மற்றொரு பிரிவில், தொடக்கத்திலேயே ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், தந்தை, பாட்டனார் பெயர், சாதி ஆகியவை அனைவர் முன்னிலையிலும் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்புக்குப் பின், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. பெரிய இடைவெளி தோன்றிற்று. அறிவும் மாறவில்லை, புதிரும் மாறவில்லை. மாறியது அறிவிப்பு ஒன்றே.

பரிசு பெறுவோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டைப் புகுத்தியபோது அந்த இடைவெளி மறைந்தது. இதனால், தம் சாதி தெரிந்த நிலையில் தமக்கு நியாயம் கிடைக்காது என்ற எதிர்பார்ப்பே சிறுவர்களின் முயற்சியைத் தளர்த்தியிருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் கருதினர். இவர்கள் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சாதிவாரியாகப் பிரித்து அமர்த்தியபோது உயர்சாதிச் சிறுவர்களின் செயல்திறனும் குறையக் காணப்பட்டது. பாகுபாட்டின் இழப்பு தாழ்த்தப்பட்டோருடன் நின்றுவிடுவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

சட்டத்தில் ஏற்பட்ட மாற்றம்

மனநலத் துறையிலும் இவ்வகை மாற்றம் நிகழ்ந்தது. 1912ஆம் ஆண்டின் பித்தர் சட்டம் நோயாளியை அடைத்து வைக்கப்பட வேண்டியவராகவே கருதிற்று. 1982இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டம், சிகிச்சையைப் பெருநகர மருத்துவமனைகளிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசெல்ல முனைந்தது. 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிமான்ஸ் நிறுவனம் பெற்ற அனுபவம், 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு அடிப்படையாயிற்று. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. ஆயினும் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஏற்பட்ட தீ விபத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் போதாது என்பதை அத்துயரம் நாட்டிற்கு உணர்த்தியது.

மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதற்கு இயைய 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் நிலையங்களில் மனநலப் பராமரிப்பைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று இச்சட்டம் கூறுகிறது. சாதி, சமயம், பால், வர்க்கம் முதலியவற்றால் பாகுபாடு கூடாது எனவும், ஒருவரின் சமூக, பொருளாதார நிலையைக் கொண்டு அவருக்கு மனநோய் உள்ளதெனத் தீர்மானிக்கலாகாது எனவும் விதிக்கிறது. சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கொண்டு, அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

சமூக நீதி நோக்குடையது என்பதாலேயே ஓர் ஆய்வு பிழையற்றதாகிவிடாது. கிளார்க் தம்பதியினரின் ஆய்வில், பிரிவினைச் சட்டமில்லாத வடபகுதிக் குழந்தைகளும் வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். ஆகவே, பள்ளிப் பிரிவினை மட்டுமே தாழ்வுணர்விற்குக் காரணம் என்று அதிலிருந்து நிறுவ இயலாது என்ற விமர்சனம் எழுந்தது. தம் இனத்தைப் பற்றிய தாழ்வான கருத்து நினைவூட்டப்படும்போது தேர்வில் திறன் குறைகிறது என்று கிளாட் ஸ்டீல், ஜோஷுவா அரான்சன் ஆகியோர் 1995இல் வெளியிட்ட முடிவும், பின்னர் நடந்த பெரிய மறுஆய்வுகள் சிலவற்றில் வலுக் குன்றியே காணப்பட்டது. எனவே, ஓரிரு ஆய்வுகளைக் கொண்டு பெருங்கொள்கை வகுப்பது விரும்பத்தக்கதன்று. மேலும், துயரம் அனைத்திற்கும் சமுதாயமே காரணம் என்று கூறி, தனி மனிதருக்குத் தேவையான மருந்தையும் ஆலோசனையையும் புறக்கணிப்பதும் அநீதியே ஆகும்.

அதே வேளையில், சமூக நீதி நோக்கு அறிவியல் கண்டிப்பிற்குப் பகை என்பதும் பொருந்தாது. உளவியல் ஆய்வுகளில் பங்கேற்றோரில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர் என 2010இல் சுட்டிக்காட்டப்பட்டது. யாரை ஆராய்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்ற வினா நீதிக்குரியது, அறிவியலுக்கும் உரியது. இனப் பாகுபாட்டிற்குத் துணைபோன தன் கடந்தகாலத்திற்காக அமெரிக்க உளவியல் கழகம் 2021இல் முறையாக மன்னிப்புக் கோரியது.

நிர்வாகத்திற்கான பாடங்கள்

இவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, உதவித்தொகை வழங்குவதற்குச் சாதி விவரம் தேவையே. ஆனால் அதனை வகுப்பறையில் பலரறியப் படித்துக்காட்ட வேண்டுவதில்லை. உரிமையை அளிக்கும் பட்டியலே இழிவை அளிக்கும் கருவியாகிவிடக் கூடாது. இரண்டாவதாக, சிறப்பு வகுப்பிற்கு அனுப்பும் முடிவை ஒரே சோதனையின் மதிப்பெண்ணைக் கொண்டு எடுத்தல் தகாது. குழந்தையின் தாய்மொழி, வீட்டுச் சூழல், பள்ளிக்கு வந்த நாட்கள் ஆகியவையும் கருதப்பட வேண்டும். மூன்றாவதாக, தேர்வு, கடன், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் விதிகள் வெளிப்படையாக இருக்குமானால், நியாயம் கிட்டும் என்ற நம்பிக்கை வளர்ந்து, முயற்சியும் பெருகும்.

நான்காவதாக, மனநலச் சேவை மக்கள் இருக்குமிடம் சென்றடைய வேண்டும். 2015-16ஆம் ஆண்டுகளின் தேசிய மனநல ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 15 கோடிப் பேருக்கு மனநலச் சேவை தேவைப்படுகிறது என மதிப்பிட்டது. பெரும்பாலான மனநோய்களில் பாதிக்கப்பட்டோருள் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சை கிட்டவில்லை என்றும் அது கண்டது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தொலைபேசி வழி மனநலச் சேவை இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்று.

பின்தங்கிய மாணவனைப் பற்றிய கோப்பு ஓர் அலுவலரின் மேசைக்கு வருகிறது. அதில் அவனது மதிப்பெண் இருக்கும். அவன் எந்த இருக்கையில் அமர்த்தப்பட்டான், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டான் என்ற விவரம் இராது. கோப்பில் இல்லாத அவ்விவரங்களையும் கேட்டறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்பதே, ஒரு நூற்றாண்டுத் தவறுகளிலிருந்தும் திருத்தங்களிலிருந்தும் உளவியல் கற்ற பாடமாகும்.