கணக்கேட்டில் ஒரு களவு

பூட்டை உடைப்பவனைக் கள்வன் என்கிறோம். பூட்டைத் தொடாமல் பேனா முனையால் செய்யும் களவும் உண்டு. உயர்நிலையில் உள்ளோர் தம் பதவியைப் பயன்படுத்திச் செய்யும் இதனை, அமெரிக்கச் சமூகவியலறிஞர் எட்வின் சதர்லாந்து 1939இல் 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று குறிப்பிட்டார்.

2009 ஜனவரி 7 அன்று, ஐதராபாத்தில் இயங்கிய சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவிற்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டப்பட்ட ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய்; அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். முன்னாள் 179 ரூபாய்க்கு விற்ற பங்கு அன்று மாலை 40 ரூபாய்க்கு இறங்கியது. சிறுகச் சிறுகச் சேமித்துப் பங்கு வாங்கியோரும், ஆயிரக்கணக்கான பொறியாளர்களும் திகைத்து நின்றனர்.

இத்தனை பெரிய பொய் பல ஆண்டுகள் நிலைத்தது எவ்வாறு? போலி விலைப்பட்டியல்கள் விற்பனையைப் பெருக்கிக் காட்டின. போலி வைப்புச் சான்றுகள் இருப்பை மெய்ப்பித்தன. தணிக்கையாளர் அத்தாள்களை நம்பினர். வங்கியிடம் நேரே கேட்டு விடை பெற்றிருந்தால் உண்மை அன்றே வெளிப்பட்டிருக்கும். வியப்பு என்னவெனில், இது தணிக்கையின் அரிச்சுவடிப் பாடம்!

குற்றவாளிகளுக்கு 2015இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குமுன்பே, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் தணிக்கை நிறுவனங்களைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும் என்றது. மோசடியைக் கண்ட தணிக்கையாளர் அரசுக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. முறைகேட்டைச் சுட்டும் ஊழியருக்குப் பாதுகாப்பும் அச்சட்டத்தில் உண்டு. ஆயினும், மேலாளரின் பொய்க்கணக்கை முதலில் காணும் இளநிலைக் கணக்கர், வேலை பறிபோகுமோ என்று இன்றும் தயங்கவே செய்கிறார்.