மகப்பேறின்மையும் ஆண்களின் தொற்றும்

மணமாகிச் சில ஆண்டுகள் சென்றும் மகவு இல்லையெனில், நம் அங்கத்தினர் பலர் மனைவியை மட்டுமே மருத்துவரிடம் அனுப்புகின்றனர். வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துப் பேரேட்டில் கையொப்பமிடும் தணிக்கை இது! அதன்மேல் மறுமணப் பேச்சும் எழுவதுண்டு.

உடலுறவால் பரவும் பாப்பிலோமா வைரஸ், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவரிடம் உள்ளதென 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரும்பாலோர்க்கு நோவோ புண்ணோ தோன்றாது. இவ்வைரஸ் விந்தணுவின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளக்கூடும். தொற்றுற்ற விந்தில் அணுக்களின் ஓட்டம் குன்றியிருத்தலை ஆய்வுகள் பல கண்டுள்ளன. ஆயினும் மலட்டுத்தன்மைக்கு இதுவே காரணமென அறுதியிடல் தகாது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே இதனை நீக்கிவிடும். தொற்றுமுன் இட்டுக்கொள்ளத் தடுப்பூசியும் உண்டு.

விந்துப் பரிசோதனைக்கு இரண்டு முதல் ஏழு நாள் உறவு தவிர்த்துச் செல்லவேண்டும். அது வைரஸைக் காட்டாது. அணுக்களின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் ஆகியவற்றையே காட்டும்.